எட்டு அங்குலத் தொட்டி

பெரிய தொட்டியில் வைத்தால்
இலையாகவே போய்விடும் என்றார்கள் நாற்றுக்கடையில்.
வேர் நெருங்கித் தவித்தால்தான் பூக்குமாம்.
மொரோசுமி தலையாட்டினார்.
அவருக்கும் நெருக்கம்தான்:
ஹமமட்சு நகராட்சிக் குடியிருப்பு, நான்காம் மாடி,
ஒன்றரை அறை,
துணிக்கம்பிக்கும் ஏ.சி. பெட்டிக்கும் நடுவே
மிஞ்சியதற்குப் பெயர் பால்கனி.

செம்மண் உருண்டை ஆறு பங்கு, இலைமக்கு நான்கு.
நான்கு குச்சி, மூன்று வளையம்.
ஆகஸ்டில் இரண்டு வேளை தண்ணீர்.
தழைச்சத்து ஒரு சிட்டிகை கூடினாலும்
பச்சைப் பச்சையாய் வளர்ந்து ஏமாற்றும்.
இலைக்காம்பில் மரு போல் இரண்டு; அதில் தேன்.
எறும்புகள் நான்காம் மாடிக்கு
யாரிடம் வழி கேட்டு வந்தனவோ.

அவர் ஓட்டுவது நகரப் பேருந்து.
விடியுமுன் கிளம்பிவிடுவார்.
பூவோ பத்து மணிக்கு மேல் சோம்பல் முறித்து
நண்பகலில் விரிந்து,
அவர் பணிமனையில் வண்டியை விட்டு
வீடு சேர்வதற்குள் கை குவித்துவிடும்.
மறுநாள் அது கசங்கிய பயணச்சீட்டு.
வார விடுப்பு செவ்வாய்.
செவ்வாயில் மட்டும் ஒன்றுகூடப் பூத்ததில்லை.

பார்ப்பவள் பக்கத்து வீட்டு இவானில்டா.
பிரேசிலின் பரானாக்காரி. இரவு ஷிப்ட்,
கார் கதவின் ரப்பர் விளிம்பைத் தடவிச் சோதிக்கும் வேலை.
பகல் பன்னிரண்டுக்கு எழுந்து
காபியோடு வெளியே வருவாள்.
இரண்டு பால்கனிக்கும் நடுவே மெல்லிய பலகை:
‘ஆபத்து நேரத்தில் உடைத்துக்கொண்டு வெளியேறவும்.’
கொடி அதைப் படிக்கவில்லை.
பலகைக்கு அடியில் ஒரு சாண் சந்தில் நுழைந்து
அவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

படிக்கட்டில் எதிர்ப்படும்போது கணக்கு ஒப்பிப்பாள்:
“இன்றைக்கு மூன்று.”
“நேற்று நான்கு அல்லவா?”
“பழம் எப்போது?”
அழகுக்கு மட்டும் வளர்க்கிற ஜாதி இது என்பார்.
அவள் உதட்டைப் பிதுக்குவாள்.

சுற்றிலும் முள்முடி, நடுவில் மூன்று ஆணி:
அவளுக்குத் தேவாலயத்தில் சொல்லித் தந்தது அப்படி.
அவர் மொழியில் இது கடிகாரப் பூ.
மூன்றும் முள்தான்: மணி, நிமிடம், நொடி.
ஒரே பூ,
இருவரையும் வெவ்வேறு முள்ளால் தொட்டது.

செப்டம்பரில் புயல் எச்சரிக்கை.
பேருந்து இல்லை. தொழிற்சாலை இல்லை.
தொட்டிகளை உள்ளே எடுக்கச் சொன்னது ஒலிபெருக்கி.
தூக்கினார்.
தொட்டி வந்தது, கொடி வரவில்லை.
பலகைக்கு அந்தப் பக்கம் அவள் குந்தி உட்கார்ந்து
ஸ்பிரிங்காய்ச் சுருண்ட பற்றுக்கம்பிகளை
நகத்தால் பிரித்துப் பார்த்தாள்.
ஒருமுறை இறுக்கிவிட்டால் அவை தளர்வதில்லை.
“உடைக்கட்டுமா?” என்று பலகையைத் தட்டினாள்.
ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார்.
பிறகு கத்தரிக்கோல்.

தொட்டி குளியலறையில்.
ஜன்னல்கள் முனக ஆரம்பித்தன.
கதவு தட்டும் ஓசை; காற்று என்று விட்டுவிட்டார்.
மறுபடியும் தட்டியது.
தாழ்வாரத்தில் ஒரு தோள் மட்டும் நனைந்து அவள்.
கையில் கண்ணாடித் தம்ளர்,
தண்ணீரில் அவள் பக்கத்துத் துண்டு,
அதன் நுனியில்
விரிந்து.

ஊதா, வெள்ளை, நீலம் என்று நிறம் மாறி மாறி
இழை இழையாய்.
அவர் மூன்று முள்ளையும் பார்த்தார்.
அவை எந்த நேரத்தையும் சொல்லவில்லை.
ஓட்டுநர் பழக்கம்,
தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார்: பன்னிரண்டு இருபது.

“இவ்வளவு பெரிதா?” என்றார்.
“பழம்தான் இல்லை” என்றாள்.

தம்ளரில் இருந்தது அக்டோபரில் வேர் விட்டது.
இப்போது பலகைக்கு இரு பக்கமும் எட்டு அங்குலம்.
செவ்வாய்க்கிழமைகளில்
இரண்டுமே பூப்பதில்லை.